விமானமேறிய யானைகள்

1985 இல் இலங்கை பாகிஸ்தானுக்கு ஈந்த காவன் என்னும் யானை, 2020 இல் கம்போடியாவுக்கு விமானமேறிற்று. 2001 இல் தாய்லாந்து இலங்கைக்கு ஈந்த முத்துராஜா, அளுத்கம விகாரையொன்றில் துன்புற்று, 2023 யூலையில் விமானமேறித் தாயகம் திரும்பிற்று. இவ்விரு மீட்பும் வரவேற்கத்தக்கனவே. ஆயின் விமானத்தின் பெருமையில் மயங்குவோர், உயிரைப் பரிசுப் பொருளாக்கிய அரசுகளின் குற்றத்தை மறக்கின்றனர்.

கஹவத்தைத் தோட்டத்து மக்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1964 ஒப்பந்தத்தில் இரு அரசுகள் 5 இலட்சத்து 25 ஆயிரம் மலையகத் தமிழரை, அவர்களைக் கேளாமலே, இந்தியாவின் கணக்கில் எழுதின. யானை பெற்ற நல்வாழ்வில் நமக்குப் பொறாமையில்லை. யானைக்குப் பிறந்த காடும் மனிதனுக்கு உழைத்த மண்ணும் உரிமையாதலே உண்மையான பாதுகாப்பு; விமானம், அவ்வுரிமையைப் பறித்தபின் தேடும் பரிகாரம் மட்டுமே.