மருத்துவ மேற்கோள்களில் தமிழ்ப் பெயர்கள்

1978இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த மேற்கோள் முறையில் குடும்பப்பெயர் முன்னும் தலைப்பெழுத்துப் பின்னும் நிற்கும். குடும்பப்பெயர் வழங்காத தமிழர்க்கு இஃது இடர் தருகின்றது. சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் தலைப்பெழுத்துத் தந்தை விசுவநாதனைக் குறிப்பது. எனவே ‘மோகன் வி’ என்பதே சரியான சுட்டு. தந்தை பெயரைக் குடும்பப்பெயராகக் கொள்ளின் ‘விசுவநாதன் எம்’ என்றாகும். அதுவோ, நீரிழிவு மருத்துவராகவே விளங்கிய தந்தை எம். விசுவநாதனுக்குரிய சுட்டு, மகனின் ஆய்வு தந்தையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மராட்டியர் இயற்பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என மூன்றும் எழுதும் மும்பையில், திலக் நகர்த் தமிழர் தந்தை பெயரை இறுதியில் எழுத நேரின் இம்மயக்கம் மிகும். ஆதலின் மேற்கோள் தருவோரும் மொழிபெயர்ப்போரும் இயற்பெயர் எதுவென அறிந்த பின்னரே வரிசைப்படுத்துதல் வேண்டும்.