குடும்பமும் அதன் தொழிற்பாடுகளும்

சமுதாயத்தின் அடிப்படை அலகு குடும்பமே என்னும் கூற்று மேடைகளிலும் பாடநூல்களிலும் ஒருங்கே வழங்கி வருவதாகும். அக்கூற்றுக்கு அறிவியல் முறையான ஆதாரம் தேட முற்பட்டோருள் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் பீற்றர் மேடொக் குறிப்பிடத்தக்கவர். 250 சமுதாயங்களை ஒப்புநோக்கி 1949 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், தாய், தந்தை, மக்கள் ஆகியோரைக் கொண்ட கருக்குடும்பம் எங்கணும் உண்டென நிறுவ முயல்கின்றது. பாலுறவை நெறிப்படுத்தல், மகப்பேறு, பொருளாதார ஒத்துழைப்பு, குழந்தைகளைப் பயிற்றல் என்னும் நான்கு தொழிற்பாடுகளையும் அதுவே ஆற்றுகின்றதென்பது அவர் துணிபு.

இத்துணிபு தடையின்றி ஏற்கத்தக்கதன்று. பிரித்தானியர் ஆட்சிக்கு முற்பட்ட கால மத்திய கேரளத்து நாயர் வழக்கினைக் கதலீன் கஃப் ஆராய்ந்து 1959 இல் எழுதினார். அங்கே தாலி கட்டியவன் மனைவியோடு கூடி உறைந்தானல்லன். சம்பந்தம் கொண்டவனும் இரவில் வந்து காலையில் மீள்வோனே. நிலமும் உணவும் பிள்ளை வளர்ப்பும் தாய்வழித் தறவாட்டின் பொறுப்பாயின. அதன் தலைவர் காரணவர் எனப்படும் மூத்த தாய்மாமன். ஈண்டு நான்கு தொழிற்பாடுகளும் நிறைவேறின; ஆயின் ஒரே கூட்டத்தினரால் நிறைவேறவில்லை. ஒரு தொழிற்பாடு இன்றியமையாதது என்பதிலிருந்து, அதனை ஆற்றும் ஓர் அமைப்பும் இன்றியமையாதது எனக் கொள்வது அளவை முறைக்கு ஒவ்வாது.

தல்கொற் பார்சன்ஸ் இக்குறையினின்றும் ஓரளவு தப்பினார். குழந்தையைச் சமுதாயத்துக்கு ஏற்றவாறு உருவாக்கலும், முதிர்ந்தோரின் உளநிலையை உறுதிப்படுத்தலும் ஆகிய இரண்டே நவீன குடும்பத்துக்கு எஞ்சியவை என 1955 இல் றொபேட் பேல்ஸ் என்பாரோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் அவர் வாதித்தார். கைத்தொழிற் சமுதாயத்துக்கு ஏற்றது உறவினரினின்றும் ஒதுங்கிய சிறு குடும்பமே என்பதும் அவர் கருத்து. ஆயினும் அவர் கண்முன் நின்றது அமெரிக்க நடுத்தர வகுப்பாரின் இல்லமாகும். இலண்டன் நகரின் பெத்னல் கிறீன் பகுதித் தொழிலாளரை ஆராய்ந்த மைக்கேல் யங், பீற்றர் வில்மற் ஆகியோர், மணமான மகளிர் தாயின் வீட்டருகே வாழ்ந்து நாள்தோறும் உதவி பெற்றமையை 1957 இல் எடுத்துக்காட்டினர். ஆலைகள் மலிந்த நகரிலும் உறவு அறுந்திலது.

எட்மண்ட் லீச் வேறொரு வழியிற் சென்றவர். இலங்கையின் வடமத்திய மாகாணத்துக் குளக் கிராமமாகிய புல் எலியவில் 1954 இல் தங்கி ஆராய்ந்து, 1961 இல் நூல் வெளியிட்டார். உறவுமுறை தனித்து நிற்பதொன்றன்று. வயலும் நீரும் பற்றிய தொடர்புகளை எடுத்துரைக்கும் முறையே அஃது என்பது அந்நூலின் சாரம். குடும்பத்தைப் பற்றிப் பேசுவோர் சொத்தைப் பற்றி வாளாவிருத்தல் ஆகாதென்பது இதனாற் போதரும்.

தொழிற்பாட்டுக் கொள்கையினரின் பெருங்குறை இதுவே. குடும்பம் சமுதாயத்துக்கு என்ன பயன் தருகின்றது என்று வினவினர். அப்பயனுக்கு உரிய விலையை அக்குடும்பத்துள் எவர் செலுத்துகின்றனர் என்று வினவினாரல்லர். ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுக்கப்பட்ட தேசவழமையை நோக்குக. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்த அம்மரபு பெண்ணுக்குச் சீதனமாக உடைமை வழங்கிற்று. ஆயினும், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி மனைவி தன் காணியை விற்றல் இயலாது. சம்மதம் நியாயமின்றி மறுக்கப்படின் அவள் நீதிமன்றத்தை நாடல் வேண்டும். உடைமை அவளது, கையொப்பமோ அவனது. இதனைக் குடும்ப ஒற்றுமை என்று கூறி அமைவோர் உண்மையின் பாதியையே கூறினாராவர்.

குடும்பம் வேண்டாததென்பது இதன் பொருளன்று. குழந்தைக்கும் முதியோர்க்கும் அது தரும் நிழலை மறுப்பாரிலர். அந்நிழல் அனைவர்க்கும் ஒப்ப விழுகின்றதா என ஆராய்தலே சமூகவியல் கற்போர் கடமையாகும்.