நடுவர் அவர்களே!

பட்டிமன்றத்தில் எதிரணியை என்னதான் கிழித்தாலும் பேச்சாளர் முகம் நடுவர் பக்கமே இருக்கும். "நடுவர் அவர்களே, இவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் பாருங்கள்!" என்றுதான் அடி விழும். "நீ சொல்வது தப்பு" என்று நேருக்கு நேர் யாரும் பாய்வதில்லை. கோபம் நடுவர் வழியாகச் சுற்றிப் போவதற்குள் பாதி ஆறிவிடுகிறது. மீதியைக் கூட்டம் சிரித்தே தீர்த்துவிடுகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறிப்பெடுப்பார். மணி அடித்தால் முடிக்க வேண்டும். நாலு பேர் ஒன்றாகக் கத்தும் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

இந்த நாகரிகம் பழையது. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏற வேண்டும், பகைவரோடும் பூசல் கூடாது என்று அறிவிக்கிறான். ஆனால் அவர்கள் தம் சொந்தச் சமயத்துக்காக வாதாடியவர்கள். இன்றைய பேச்சாளருக்கு அணி ஒதுக்கப்படுகிறது. இங்கே கூட்டுக் குடும்பத்துக்காக உருகியவர் அடுத்த ஊரில் தனிக்குடித்தனத்துக்காக உருகலாம். (மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சி என்பதை மறுக்கவில்லை.) இழக்க ஒன்றுமில்லாதபோது மரியாதை காப்பது சுலபம்.

அணி ஒதுக்குவது மட்டுமே குறை என்று சொல்லவும் முடியாது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் பட்டிமன்றத்தை வளர்த்த மேடை. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த காலம் அதற்குப் பொற்காலம். அங்கும் அணி பிரித்துத்தான் பேசினார்கள். ஆனால் இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா என்று வாதாடுகிறவர் கம்பன் பாட்டைக் காட்டியாக வேண்டும். பொருளைத் திரித்தால் எதிரணி அடுத்த பாட்டைச் சொல்லி மடக்கும். கம்பனைக் கற்றவர்கள் கூட்டத்திலும் இருப்பார்கள்.

ஆனால் பண்டிகைக் காலைகளில் தொலைக்காட்சியில் வரும் குடும்பத் தலைப்புகளுக்கு என்ன சான்று? மாமியார் கதை, பக்கத்து வீட்டுக் கதை. சரிபார்க்க வழியில்லை, அதைவிட நல்ல கதையாக ஒன்றைச் சொல்லலாம், அவ்வளவுதான். மனைவியைக் கேலி செய்யும் துணுக்கு மட்டும் எந்த அணியானாலும் உண்டு. எதிரணிக்குக் கிடைக்கும் 'அவர்கள்' என்ற மரியாதை வீட்டில் இருப்பவருக்குக் கிடையாது.

கடைசியில் பெரும்பாலும் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்பு வரும். யாரும் தோற்கவில்லை, யாருடைய கருத்தும் மாறவில்லை. தீர்ப்புக்கு முன் ஒவ்வோர் அணியும் மற்ற அணியிடம் நடுவர் வழியாகவே ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் இல்லாதவர் இல்லையென்று ஒப்புக்கொள்ளட்டும். கைதட்டல் கொஞ்சம் குறையும்.