ஊசிக்கு 'ஸ்' இல்லை, கூட்ஸுக்கு உண்டு

கேத்தியில எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டாவது படிக்குது. ஊரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'கேரட்ஸ் ஃபார்ம்' என்று எழுதி ஒரு மார்க் போச்சு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு விதி: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பெயர்ச்சொல் ஒருமையில்தான் வரும். நோட்டை எடுத்துக்கிட்டு நேரா என்கிட்ட வந்தது. "அப்ப கூட்ஸ் டிரெயின், ஸ்போர்ட்ஸ் டே எல்லாம் தப்பா மாமா?"

"அதெல்லாம் விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி உறுத்தியது.

விதி பொய்யில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லாத விதி. முன்னால் நிற்கும் சொல் எத்தனை என்று சொல்வதில்லை, என்ன வகை என்று சொல்கிறது. கேத்தியிலேயே இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஊசி செய்ய யாரும் ஆலை கட்டமாட்டார்கள். ஆனாலும் பெயரில் 'நீடில்'தான். தமிழிலும் ஊசி ஆலை, காய்கறிச் சந்தை, தேயிலைத் தோட்டம். 'ஊசிகள் ஆலை' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைத்தான், தெரியாத மாதிரி சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.

கூட்ஸ் வேற கதை. 'ஸ்'ஸைக் கழற்றினால் மிஞ்சுவது 'நல்ல'. சரக்கு காணாமல் போய்விடும். கஸ்டம்ஸில் கழற்றினால் சுங்கம் போய் வழக்கம் நிற்கும். ஆர்ம்ஸில் ஆயுதம் போய் வெறும் கை! இவை பன்மை உருவத்திலேயே தனிச்சொல் ஆகிவிட்டவை. விதிவிலக்கு என்று நான் தள்ளிவிட்டதுதான் தப்பு. ஸ்போர்ட்ஸ் மட்டும் வழுக்குகிறது: 'ஸ்போர்ட்' என்றாலும் விளையாட்டுதானே? அங்கே பழக்கம் ஜெயித்துவிட்டது, அவ்வளவுதான்.

நம்ம மாவட்டத்தின் பெயரே இந்த இழுபறியில் இருக்கிறது. 1880-இல் கிரிக் எழுதிய கையேட்டின் தலைப்பில் 'நீலகிரி டிஸ்ட்ரிக்ட்', ஒருமை. 1908-இல் பிரான்சிஸின் கெசட்டியர் 'தி நீல்கிரிஸ்'. மலைகளின் பெயராகத் தனியே நிற்கும்போது 'ஸ்' ஒட்டிக்கொள்கிறது. 'நீல்கிரி டீ', 'நீல்கிரி தார்' என்று வகை சொல்ல வந்தால் உதிர்ந்துவிடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நம்ம ரயிலும் 'நீல்கிரி மவுண்டன் ரயில்வே'தான். 'தி நீல்கிரிஸ் டிஸ்ட்ரிக்ட்' மட்டும் அதிகாரப் பெயரை அப்படியே தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நேத்து அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். கேரட்ஸ் ஃபார்ம் தப்புதான், மார்க் திரும்ப வராது என்றும் சொன்னேன். நோட்டை வாங்கி, சிவப்பு மைக்குக் கீழே பென்சிலால் 'கூட்ஸ்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டது.