இலச்சினையில் தமிழெழுத்து

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நடப்போர் காணும் தமிழில் பெரும்பகுதி கடைகளின் பெயர்ப்பலகைகளில் உள்ளதே ஆகும். வகுப்பறைக்கு வெளியே மாணவர் நாள்தோறும் படிக்கும் பாடமும் அதுவே. ஆதலின், கடையின் இலச்சினையில் எழுத்துப் பிழைபடுமாயின், அது கடைக்காரர் ஒருவர்க்கே உரிய குறையன்று.

முதற்குறை புள்ளியைப் பற்றியது. கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் விதிப்படி பெயர்ப்பலகையில் மலாய்மொழியே முதன்மை பெறும். எனவே தமிழ் சிறிய அளவில் அமைகிறது. எழுத்துச் சுருங்குங்கால் முதலில் மறைவது புள்ளியே. அழகு கருதி அதனை விட்டுவிடும் ஓவியரும் உளர். 'பல் மருத்துவர்' என்பதில் முதற்புள்ளி மறைந்தால், ஒருவரே 'பல மருத்துவர்' ஆகிவிடுவார்! எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சி, ஏடெழுதியோர் புள்ளியை விட்டனர். தகட்டுக்கும் ஒளிப்பலகைக்கும் அவ்வச்சம் ஏது? புள்ளியைச் சற்றே பெரிதாக்கி, எழுத்தோடு ஒட்டாமல் இடைவெளிவிட்டு அமைத்தால் இக்குறை தீரும்.

அடுத்தது கணினியால் வந்த குறை. 'கோ' என்னும் எழுத்தில் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும் நிற்றல் வேண்டும். தமிழெழுத்துகளைச் சேர்க்கும் முறை அறியாத வரைகலைச் செயலிகளில் கொம்பு ககரத்தின் பின்னே போய் நிற்கும். 'கோலாலம்பூர்' என்னும் பெயரே உருக்குலையும். தமிழறியாத வரைவாளர் இதனைப் பிழையென்று உணரார். தமிழுக்கு இசைந்த செயலியில் எழுத்தைக் கோத்து, பலகை செய்யுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டுதலே இதற்கு மருந்து.

மூன்றாவது, வண்ணத்தையே நம்புதல். மயில், தாமரை, குத்துவிளக்கு ஆகிய மூன்றையும் ஏழு நிறத்தில் தீட்டிய இலச்சினை, இரப்பர் முத்திரையிலும் நாளிதழ் விளம்பரத்திலும் வெறுங்கறையாகிவிடுகிறது. கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரத்திற்கு ஊரளித்த செய்தியைக் கூறுவன லெய்டன் செப்பேடுகள். அவற்றின் முத்திரையில் உள்ள புலியும் கயலும், வண்ணம் ஏதுமின்றியே சோழர் ஆணையைப் புலப்படுத்துகின்றன. கறுப்பு மையில், கட்டைவிரல் நக அளவில் தெளிவாகத் தோன்றுவதே நல்ல இலச்சினை. வண்ணம் அதன்பின் சேர்தல் தகும்.

இம்மூன்று குறைகளும் பெருஞ்செலவின்றித் தீர்வன. வேண்டுவது, தமிழெழுத்தை ஒப்பனைப் பொருளாகக் கருதாது, படித்தற்குரிய எழுத்தாகவே மதிக்கும் மனம். பலகை ஏறுமுன் ஒருமுறை படித்துத் திருத்தித் தர அண்டைப் பள்ளியின் தமிழாசிரியர் முன்வருவாராயின், கடைத்தெருவும் நல்ல பள்ளியாகும்.