ஆராய்ச்சி எதைச் சேர்த்தது?

ஆராய்ச்சி நூல் ஒன்று கையிற் கிடைத்ததும் அதன் அடிக்குறிப்புக்களை எண்ணி வியப்பது நம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். முன்பிருந்த அறிவோடு அது எதைச் சேர்த்தது என்று கேட்பவர் சிலரே. பேராசிரியர் க. கைலாசபதி, ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்து, 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்த தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வை இக்கேள்வியோடு அணுகுதல் நன்று.

அந்நூல் புதிய ஏடு எதனையும் கண்டெடுக்கவில்லை. அப்பணியைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் 1894 இற் புறநானூற்றையும் பதிப்பித்துச் செய்து தந்தனர். காலவரையறையில் வையாபுரிப்பிள்ளை முதலியோர் நெடிது உழைத்திருந்தனர். கைலாசபதி கேட்டது வேறு கேள்வி: இப்பாடல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன?

புறப்பாடல்களில் ஒரே அடைமொழியும் தொடரும் உவமையும் பலர் வாயில் மீண்டும் மீண்டும் வருகின்றன. பதிப்பாசிரியர் இவற்றை ஒப்புமைப் பகுதி என்று குறித்து அப்பாற் சென்றனர். ஏனையோர் ‘மரபு’ என்ற ஒரு சொல்லோடு அமைந்தனர். ஹோமரிடம் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் வாய்மொழிப் பாடகனின் தொழிற்கருவிகள் என்று கண்ட மில்மன் பரி, 1933–35 இல் யூகோஸ்லாவியப் பாடகரிடையே சென்று அதனைச் சோதித்தார். அவர் மாணவர் அல்பேட் லோட் 1960 இல் அக்கருத்தை விரித்தெழுதினார். அவ்வளவுகோலைக் கைலாசபதி தமிழுக்குக் கொணர்ந்தபோது, பின்னாளிற் சமூகம் தாழ்த்திவைத்த பாணரும், பொருநரும் விறலியரும் சங்கப் பாட்டின் அலங்காரமாக அன்றி, அதனை உழைத்து உருவாக்கியோராக எழுந்து நிற்கின்றனர். பரிசிலை நோக்கி நடந்த பசித்த வயிறு இலக்கிய வரலாற்றில் இடம்பெறுகின்றது. ‘பொற்காலம்’ என்று மாணவருக்குக் குறிப்பெழுதிக் கொடுக்கும் நம்மனோர்க்கு இது சற்றுச் சங்கடந்தான்.

குறையும் உண்டு. யூகோஸ்லாவியச் சான்று நெடுங்கதைப் பாட்டுக்குரியது. புறநானூற்றுப் பாடல்களோ பெரும்பாலும் சிறியன, தனித்தனி நிற்பன. பாடிக்கொண்டே புனைபவனுக்கு வேண்டிய கருவி, மனத்தில் வைத்துச் செப்பனிடத்தக்க பத்தடிப் பாட்டுக்கும் அவ்வளவு இன்றியமையாததா? நூல் இதற்கு நிறைவான விடை தரவில்லை என்பதே என் துணிபு. பாணரின் வாய்மொழிப் பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர் ஆக்கியவையே இவை என ஜோர்ஜ் ஹார்ட் 1975 இல் வாதிட்டார். அவ்வாதமே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. ஆயினும் அவரும் பாணரிடமிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.