ஜிசிசி கையேட்டில் நுண்செயலித் தெரிவுகள்: ஒரு மதிப்பீடு

ஜிசிசி என்பது சி, சி++ முதலிய மொழிகளில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கட்டற்ற நிரல்மொழிமாற்றி (கம்பைலர்) ஆகும். எந்த நுண்செயலிக்காக மாற்ற வேண்டும் என்பதைச் சில தெரிவுகள் (ஆப்ஷன்கள்) மூலம் அதற்குக் குறிப்பிடலாம். அவற்றை ஜிசிசி கையேடு எவ்வளவு சரியாக விளக்குகிறது என்பதை, இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான எக்ஸ்86 பகுதியை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தெளிவான பகுதி

'எம்ஆர்க்' என்ற தெரிவு, எந்தெந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. 'எம்டியூன்' அக்கட்டளைகளைக் குறிப்பிட்ட செயலியில் வேகமாக ஓடும்படி அமைக்கிறது. முன்னதில் தவறினால் நிரல் ஓடாமலே போகலாம். பின்னதில் தவறினால் வேகம் மட்டுமே குறையும். இவ்வேறுபாட்டைக் கையேடு ஐயமின்றிச் சொல்கிறது. எம்டியூனுக்கு 'ஜெனெரிக்' என்ற பொது மதிப்பு உண்டு. எம்ஆர்க்குக்கு அது இல்லை. எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும் ஒரே கட்டளைத் தொகுதி இல்லை என்று கையேடு அதற்குக் காரணமும் தருகிறது.

குழப்பும் பெயர்கள்

'எம்சிபியூ' என்ற தெரிவு எக்ஸ்86 பகுதியில் எம்டியூனின் வழக்கொழிந்த மறுபெயர் மட்டுமே. 64 பிட் ஆர்ம் செயலிகளிலோ அது கட்டளைத் தொகுதி, வேக அமைப்பு இரண்டையும் தீர்மானிக்கிறது. இரு பகுதிகளும் தனித்தனியே சரியானவை. ஆனால் ஒன்றை மட்டும் படித்தவர் மற்றதில் தவறுவது எளிது.

முதன்மைக் குறை

கையேடு செயலிகளைக் குடும்பப் பெயரால் பட்டியலிடுகிறது. 'ஹாஸ்வெல்' என்ற மதிப்புக்கு ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 உள்ளிட்ட வசதிகள் கொண்ட இன்டெல் ஹாஸ்வெல் செயலி என விளக்கம் தருகிறது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்டியம் ஜி3258 செயலியில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 இரண்டும் இல்லை. கையேட்டை நம்பி ஹாஸ்வெல் எனக் குறித்து உருவாக்கிய நிரல், அச்செயலியில் ஏவிஎக்ஸ் கட்டளை ஒன்றை எட்டியதும் 'செல்லாத கட்டளை' என்ற பிழையுடன் நின்றுவிடும். நிரலில் தவறே இல்லாதபோதும் மாணவர் அதில்தான் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார். ஜிசிசி எந்த வசதிகளை எதிர்பார்க்கிறது என்பதற்கு அப்பட்டியல் சான்றாகும். கையிலுள்ள செயலியில் அவை இருப்பதற்குச் சான்றாகாது. கையேடு இதை அங்கேயே எச்சரிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

சரிபார்க்கும் வழி

லினக்ஸில் 'ப்ராக்' அடைவிலுள்ள 'சிபியூஇன்ஃபோ' கோப்பின் 'ஃபிளாக்ஸ்' வரி, அந்தச் செயலியின் வசதிகளைக் காட்டும். நிரல் உருவாகும் கணினியிலேயே ஓடுமானால் எம்ஆர்க்குக்கு 'நேட்டிவ்' என்ற மதிப்பே பாதுகாப்பானது. அது அந்தச் செயலியையே வினவி முடிவு செய்கிறது. பிறருக்கு வழங்கும் நிரலுக்கு, 2021 இல் வெளியான ஜிசிசி 11 ஏற்றுக்கொண்ட 'எக்ஸ்86-64-வி2', 'வி3', 'வி4' என்ற படிநிலைகள் மேலானவை. இவை சந்தைப் பெயரை நம்பாமல், தேவையான வசதிகளையே வரையறுக்கின்றன. கையேட்டின் குடும்பப் பட்டியலும் இத்தகைய வரையறையாகவே படிக்கப்பட வேண்டும்.